ஆறு முகம், ஒரே வெளிச்சம்

"அப்பா முகம் அச்சு அசலா இருக்குதுங்க. ஆனா, மத்த அஞ்சு பேரோட சேந்து உக்காந்திருக்கற மாதிரி இல்லீங்களே?"

ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரிகள் சங்கத்தில் நான் வரைந்த படத்தைத் திறந்து வைத்த அன்று, படத்தில் இருந்த ஆறு பேரில் ஒருவருடைய மகன் என்னிடம் இப்படிக் கேட்டார். குறை சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னது உண்மை.

22 வருஷம் நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். கனி மார்க்கெட்டிலும் ஈஸ்வரன் கோயில் வீதியிலும் ஜவுளிக்கடை போர்டுகள் எழுதியிருக்கிறேன். தேர்தல் வந்தால் தலைவர்களின் கட்-அவுட். சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, அதையே பெரிய கட்டமாகச் சுவரிலோ பலகையிலோ போட்டு, உருவத்தை நாற்பது அடிக்குக் கொண்டுபோவது எனக்குக் கைப்பழக்கம். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் சாரத்தில் நின்று செய்த வேலையை ஒரே ராத்திரியில் மிஷின் அடித்துக் கொடுத்தது. அதன்பின் காலமானவர்களின் போட்டோவைப் பார்த்து உருவப்படம் வரைந்து கொடுக்கும் தொழிலுக்கு வந்தேன்.

சங்கத்தைத் தொடங்கிய ஆறு பேரும் காலமாகிவிட்டவர்கள். என்னிடம் ஆறு போட்டோ கொடுத்தார்கள். ஒன்று ஸ்டுடியோவில் எடுத்தது. ஒன்று கல்யாண வீட்டில் ஃப்ளாஷ் அடித்து எடுத்தது. ஒன்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது. நான் ஆறையும் ஒழுங்காகப் பெரிதாக்கி ஒரு மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்தேன். முதலாமவருக்கு வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து, அடுத்தவருக்கு நேர் எதிரிலிருந்து, மூன்றாமவருக்கு உச்சந்தலையிலிருந்து. ஆறு பேரும் ஆறு அறைகளில் இருந்தார்கள். மேஜை மட்டும்தான் ஒன்று.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் போய் நின்றேன். படத்தை அவரும் பார்த்திருந்தார். எதுவும் பேசாமல் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை விரித்தார்.

"இதைப் பாத்து எழுது கண்ணு. பூராத்தையும் எழுது. அப்புறமா வா, பேசலாம்."

"காப்பி அடிக்கறதுங்களா சார்?"

"காப்பிதான். இவரே அடிச்சிருக்கறாரு."

அந்தப் பக்கத்தில் இருந்தது டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1662இல் வரைந்த படம். ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் துணி வணிகர் சங்கத்துக்காக வரைந்தது. கறுப்பு உடை, அகன்ற தொப்பி, வெள்ளைக் காலர் அணிந்த ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் அந்தத் தொப்பி இல்லாமல் ஒருவர் நிற்கிறார். அவர் பணியாளர். முன்னால் சிவப்புக் கம்பளம் விரித்த மேஜை, அதன்மேல் திறந்த புத்தகம். ஐந்து பேருக்கும் என்ன வேலை தெரியுமா? சாயம் போட்ட துணியின் மாதிரியைப் பார்த்துத் தரம் சொல்வது. அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் துணிக்கு ஈய முத்திரை விழும். பொறுப்பு ஒரு வருஷத்துக்கு. சாயப் பட்டறையும் துணிச் சந்தையுமாக வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதைவிடச் சொந்தமான படம் ஏது? அந்த ஐந்து பேரின் பெயர்களும் ஆவணங்களில் இருக்கின்றன. இடது ஓரத்தில் யாகோப் வான் லூன், அடுத்து வோல்கர்ட் யான்ஸ், நடுவில் வில்லெம் வான் டூயன்பர்க், அந்தப் பக்கம் யோகெம் டெ நேவெ, வலது ஓரத்தில் ஆர்னவுட் வான் டெர் மெய். ஒரே மதத்துக்குள் இவர்கள் வேறு வேறு பிரிவினர். இரண்டு பேர் கத்தோலிக்கர், மற்றவர்கள் புராட்டஸ்டன்டுகளில் வெவ்வேறு சபையினர். துணி விஷயத்தில் ஒரே மேஜை. பணியாளர் ஃப்ரான்ஸ் பெல்.

அதே காலத்தில் டச்சுக் கம்பெனிக்காரர்கள் நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து அவர்கள் பிடித்தது 1658இல். வேலை செய்யும்போது இந்த எண்ணம் என்னை விட்டுப் போகவேயில்லை.

"இவரே அடிச்சிருக்கறாரு" என்று மாஸ்டர் சொன்னதும் சும்மா சொன்னதில்லை. இந்தப் படத்துக்குச் சில ஆண்டுகள் முன்பாக ரெம்பிராண்ட் நம் நாட்டு முகலாய ஓவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட நகல்கள் வரைந்திருக்கிறார். ஷாஜகானை வரைந்திருக்கிறார். ஐம்பது வயதில், ஊரே அறிந்த ஓவியர், தூர தேசத்துப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு கோடு கோடாகப் படித்திருக்கிறார். அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் 1880இல் நெதர்லாந்தின் ஹார்லெம் போய் டச்சு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் குழுப் படங்களை நகலெடுத்தார். பாரிஸ் லூவர் மியூசியத்தில் இன்றும் அனுமதி வாங்கி உட்கார்ந்து வரைகிறார்கள். நகலின் அளவு மூலத்தைவிடக் கூடவோ குறையவோ இருக்க வேண்டும், மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது என்று அங்கே விதி உண்டு. நம் பக்கம் ராஜா ரவிவர்மா கதை தெரிந்ததுதான். திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தாம் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே பிடித்துக்கொண்டவர் ரவிவர்மா. வாய் திறந்து சொல்லித்தர ஆள் இல்லாதவனுக்கு எதிரே இருக்கும் படம்தான் குரு.

மூலம் 191.5 செ.மீ. உயரம், 279 செ.மீ. அகலம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. நான் பாதி அளவு எடுத்தேன். 96 செ.மீ. உயரம், 140 செ.மீ. அகலத்தில் சட்டம் அடித்துக் கேன்வாஸ் இழுத்துக் கட்டினேன். முகம் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவுக்கு வந்தது. அந்த மியூசியம் தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. தூரிகை மயிர் போன தடம்கூடத் தெரிகிறது. முதலில் அதைக் கலர் பிரிண்ட் போட்டேன். நிழல் பகுதியெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துவிட்டது. பையனின் டேப்லெட்டை வாங்கி ஈசலுக்குப் பக்கத்தில் மாட்டினேன். திரை தானே ஒளி விடுவதால் அதில் தெரிகிற வெள்ளை எந்த டியூபிலும் கிடைக்காது. அதனால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, என் பேலட்டில் இருக்கும் வெள்ளையோடு ஒப்பிட்டுச் சரி செய்துகொண்டேன். நகல் வரையப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

கட்டம் போட்டுக் கோடு இறக்குவது எனக்கு ஒரே மாலை வேலை. கோடு இறங்கியதும்தான் முதல் பாடம் கண்ணில் பட்டது. ஆறு தலைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. இரண்டாமவரான வோல்கர்ட் யான்ஸ் பாதி எழுந்த நிலையில் முன்னால் சாய்ந்திருக்கிறார். உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவரை மட்டும் உட்கார வைத்துப் பார்த்தேன், பென்சிலில். படம் செத்துவிட்டது. தொப்பிகள் எல்லாம் அலமாரியில் அடுக்கின மாதிரி ஆகிவிட்டன. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தவர்கள், ரெம்பிராண்ட் பணியாளரின் இடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கையும் அழித்து அழித்துத்தான் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்திருக்கிறது.

இன்னொன்று, மேஜையின் மேல்பரப்பு நமக்குத் தெரியாது. படம் உயரத்தில் மாட்டுவதற்காக வரையப்பட்டது என்பதால் நாம் கீழேயிருந்து பார்க்கிற மாதிரி அமைத்திருக்கிறார். ஆறு பேருக்கும் அந்த ஒரே பார்வைக் கோணம். என் சங்கப் படத்திலோ ஒருவரை நெற்றிக்கு மேலிருந்தும் மற்றவரை மூக்குத் துவாரம் தெரியும்படியும் வைத்திருந்தேன்.

பிறகு வண்ணம். போர்டுக்காரன் கை எனாமலுக்குப் பழகின கை. எனாமல் தொட்டால் ஒட்டாத பதத்துக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படியில்லை. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்குச் சில நாள், தடித்த பூச்சுக்கு வாரங்கள், உள்வரை இறுக மாதங்கள். அதனால் அடியில் டர்பன்டைன் கூடிய ஒல்லிப் பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூடிய பூச்சு என்பது சட்டம். இதை நான் ஓர் இடத்தில் மீறினேன். வான் லூனின் உடைக்கு ஐவரி பிளாக்கை எண்ணெய் நிறைய விட்டுத் தடிமனாகப் பூசி, மேலே ஒல்லியாக இன்னொரு பூச்சு கொடுத்தேன். நாலு மாதத்தில் மேல்பூச்சு வெடித்து, கோடை வயல் மாதிரி பாளம் பாளமாகத் தெரிந்தது. அந்தக் கறுப்பு, எண்ணெய் வண்ணங்களில் மெதுவாகக் காய்கிறவற்றில் ஒன்று. கொஞ்சம் அம்பர் கலந்தால் சீக்கிரம் இறுகும், நிறத்துக்கும் வெதுவெதுப்பு வரும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினேன்.

முதல் இரண்டு மாதம் நான் முகத்தைத் தொடவேயில்லை. கேன்வாஸ் முழுக்கப் பர்ன்ட் அம்பரை ஒல்லியாகத் தேய்த்து, வெளிச்சம் விழும் இடத்தைத் துணியால் துடைத்து எடுத்தேன். மாஸ்டர் வந்து பார்த்தார். "கண்ணைச் சுருக்கிப் பாரு. எத்தனை வெள்ளை தெரியுது?" என்றார். பதினைந்து இருபது என்று சொன்னேன். "நல்லாச் சுருக்கு." இமை ஒட்டும் அளவுக்குச் சுருக்கியதும் தெரிந்தது. முகமும் காலரும் சேர்ந்து ஒரு வெளிச்சத் திட்டு, ஆளுக்கு ஒன்று. பிறகு புத்தகம். மற்றது எல்லாம் ஒரே நிழல். ஆறு கறுப்பு உடைகளும் ஒன்றோடொன்று கரைந்து, எவருடைய தோள் எங்கே முடிகிறது என்று பல இடத்தில் சொல்லவே முடியாது. ஒரே ஜன்னல், இடது பக்கம். அதன் வெளிச்சம் இடப்பக்கத்துக் கன்னத்தைத் தொட்டுவிட்டு வலப்பக்கத்தை விட்டுவிடுகிறது, ஆறு பேருக்கும். என் படத்தில் இல்லாதது இதுதான். ஆறு முகத்தையும் ஒன்றாக்குவது மேஜை என்று நான் நினைத்திருந்தேன். ஜன்னல்தான் ஒன்றாக்குகிறது.

காலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வான் டூயன்பர்க்கின் காலரை நான் நாலு தடவை வரைந்தேன். வெள்ளைக் காலர் என்று தெரியும், அதனால் டைட்டானியம் வொயிட்டை எடுத்துப் பூசினேன். கழுத்துக்குக் கீழே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது, முகம் அழுக்காகிவிட்டது. திரையில் அந்தக் காலரை மட்டும் பெரிதாக்கி, ஒரு அட்டையில் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்தேன். ஓட்டை வழியே பார்த்தால் காலர் என்பது மறந்துவிடும், நிறம் மட்டும் தெரியும். நிழல் பக்கம் கிட்டத்தட்டப் பழுப்பு. நடுவில் பழைய வேட்டி நிறம், யெல்லோ ஆக்கர் கலந்தது. சுத்த வெள்ளை என்று சொல்லக்கூடியது வெளிச்சம் நேராக விழும் மடிப்பில், ஒரு நெல் அளவுக்கு. அந்த நெல்லை மட்டும் அவர் தடிமனாக வைத்திருக்கிறார். வண்ணம் மேடாக நிற்பதால் அறையின் நிஜ வெளிச்சமும் அதன்மேல் விழுந்து மின்னும். நிழல் எல்லாம் ஒல்லிப் பூச்சு, வெளிச்சம் எல்லாம் தடிப் பூச்சு. இந்த ஒரு பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவர எனக்கு மூன்று மாதம் ஆனது.

கண்களும் அப்படியே. போர்டில் கண் என்றால் வெள்ளை முழி, கறுப்புப் பாப்பா, அதில் ஒரு பொட்டு வெள்ளை. தூரத்துப் பார்வைக்கு அதுதான் வேண்டும். இங்கே தொப்பி விளிம்பின் நிழல் நெற்றியில் விழுகிறது, கண்குழி நிழலில் கிடக்கிறது. முழியின் வெள்ளை சாம்பலும் பழுப்பும். கறுப்பில் வெள்ளை கலந்த சாம்பலைச் சிவந்த தோலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது நீலம் போலத் தெரியும். நீல டியூபைத் திறக்காமலே தாடை ஓரத்து நீலமும், கண்ணுக்குக் கீழே இருக்கும் களைப்பும் அப்படித்தான் வந்தன. முகத்துக்கு நான் பயன்படுத்தியது வெள்ளை, யெல்லோ ஆக்கர், லைட் ரெட், அம்பர், ஐவரி பிளாக் மட்டும்.

எங்கள் தொழிலில் பினிஷிங் என்று ஒரு சொல் உண்டு. மூலை முடுக்கெல்லாம் ஒரே மாதிரி முடித்திருந்தால்தான் முதலாளி காசு கொடுப்பார். ரெம்பிராண்டிடம் அந்தப் பினிஷிங் கிடையாது. முகத்தில் உயிரைக் கொடுத்து வேலை செய்திருப்பார், அதற்கு ஒரு சாண் தள்ளி உடையை நாலு இழுப்பில் விட்டிருப்பார். நான் அந்த உடையின் பொத்தான், மடிப்பு எல்லாவற்றையும் பொறுமையாக வரைந்து முடித்துவிட்டேன். முடித்ததும் முகங்களை யாரும் பார்க்கவில்லை. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க, எல்லாரும் புதுத் துணி போட்ட மாதிரி இருக்கறாங்க" என்றாள். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து உடைகளின் மேல் அம்பரை மெல்லப் பூசி அந்தப் பொத்தான்களை எல்லாம் இருட்டுக்குள் தள்ளினேன். அன்றுதான் ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உடையை அப்படி விடுவது சுலபமில்லை. குழுப் படத்தில் ஒவ்வொருவரும் தன் பங்குப் பணத்தைக் கொடுத்தவர். ரெம்பிராண்டின் 1642ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற படமான "இரவுக் காவல்" படத்துக்கு ஆளுக்குச் சுமார் 100 கில்டர் (அந்நாளைய டச்சு நாணயம்), நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ கொடுத்ததாகப் படத்தில் இருப்பவர்களே பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். காசு கொடுத்தவர் தன் சட்டைப் பொத்தானையும் கேட்பார். அவருக்கு முகத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றதைப் படத்துக்காக வாங்கிக்கொள்ள ஓவியனுக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை நான் 14 மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன்.

நகல் முடிந்ததும் சங்கத்துக்குப் போய், என் பழைய படத்தைத் திருப்பிக் கொடுங்கள், காசு வேண்டாம், வேறு வரைந்து தருகிறேன் என்று கேட்டேன். சம்மதித்தார்கள். எங்கள் தெருவில் ஆறு பேரை வேட்டி சட்டையில் வரச் சொல்லி, இடது பக்க ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார வைத்தேன். ஒருவரை நிற்கச் சொன்னேன், ஒருவரைப் பாதி எழச் சொன்னேன். வெளிச்சத்தையும் தோளையும் கையையும் அவர்களிடமிருந்து எடுத்தேன், முகச் சாயலைப் பழைய போட்டோக்களிலிருந்து. அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. ஆம்ஸ்டர்டாம்காரர்களுக்கு உடை கறுப்பு, முகம் வெளுப்பு. எங்கள் ஊரில் சட்டை வெள்ளை, முகம் மாநிறம். அவர் வழியை அப்படியே வைத்தால் சட்டைதான் முன்னால் வந்து நிற்கும். அந்த நெல் அளவு வெள்ளைதான் கைகொடுத்தது. ஆறு வெள்ளைச் சட்டைகளையும் சாம்பலுக்கும் ஆக்கருக்கும் இறக்கினேன். சுத்த வெள்ளையை முகத்துக்குப் பக்கத்தில், காலர் மடிப்பில் மட்டும் வைத்தேன். எண்ணெய் மினுக்கும் நெற்றிகள் முன்னுக்கு வந்தன.

புதிய படம் சங்கத்தில் மாட்டியாகிவிட்டது. வார்னிஷ் மட்டும் இன்னும் அடிக்கவில்லை, ஆறு மாதமாவது காய வேண்டும்.

ரெம்பிராண்ட் நகல் என் வீட்டில் இருக்கிறது. விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் இது நகல் என்றும், மூலம் யாருடையது, எந்த வருஷம், எங்கே இருக்கிறது என்றும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். நகல் வரைகிறவர் எவரும் செய்ய வேண்டிய காரியம் இது.

ஃப்ளெக்ஸுக்குப் பிறகு தூரிகையைக் கட்டி வைத்துவிட்ட போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கட்டம் போடவும் சாயல் பிடிக்கவும் உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும், அண்ணா. ஒரு அடிக்கு ஒரு அடிக் கேன்வாஸ் வாங்கி, இந்தப் படத்திலிருந்து வோல்கர்ட் யான்ஸின் தலையை மட்டும் எடுத்து ஆரம்பியுங்கள். ஐந்து டியூப் போதும்.